கடலோரப் பிள்ளைகள் படப்பிடிப்புத் தொழிலில் காலூன்ற: இராமநாதபுரம் கரைக்கான முழுமையான வழிகாட்டி

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நீளும் இராமநாதபுரம் மாவட்டக் கரையில் கைபேசியில் படம் எடுக்காத பிள்ளைகள் எந்தக் குப்பத்திலும் இல்லை. ஆயினும் ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு ஆகியவற்றால் வீட்டுக்கு அரிசி வாங்குபவர்கள் அவர்களில் மிகச் சிலரே. தங்கச்சிமடத்தில் சிறிய ஸ்டுடியோ நடத்திக்கொண்டே பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்து வருகிறேன். தொடக்கத்தில் அவர்களுக்குக் கேமராதான் இல்லை என்று நினைத்து, கடன் வாங்கி இரண்டு கேமராக்கள் வாங்கினேன். ஓராண்டு கழிந்த பிறகும் அவற்றைக் கையாளத் தெரிந்த ஆறு பேர் வேலையில்லாமல்தான் இருந்தார்கள். அவர்களிடம் இல்லாதது முதல் கூலி வேலையும், அந்த வேலைக்கு அவர்களை நம்பிக் கூப்பிடும் ஆளும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பயிற்சி முழுவதையும் அந்த முதல் கூலியை நோக்கி அமைக்க வேண்டும் என்பதே இங்கே நான் சொல்ல வருவது.

இந்த வழிகாட்டி ஆசிரியர்கள், ஸ்டுடியோ உரிமையாளர்கள், தேவாலயப் பங்கு இளைஞர் குழு நடத்துபவர்கள், ஜமாஅத்து மற்றும் ஊர்ச் சங்கப் பொறுப்பாளர்கள் ஆகியோருக்கானது. ஐந்தாறு பேரைக் கொண்டு தொடங்குங்கள். முப்பது பேருக்கு மூன்று நாள் முகாம் நடத்தினால் சான்றிதழ்தான் மிஞ்சும்.

முதல் படி: வீட்டுப் படியேறுவது

பிள்ளையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அந்த வீட்டின் தொழில் நாட்களைத் தெரிந்துகொள்ளுங்கள். வடகடல் என்று நாம் சொல்லும் பாக் நீரிணைப் பக்கத்தில் விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் மாறி மாறித் தொழிலுக்குப் போகின்றன. படகுக்குப் போகும் பையன் ஒரு நாள் வருவான், அடுத்த நாள் கடலில் இருப்பான். 'தினமும் மாலை ஐந்து மணி' என்று வகுப்பு வைத்தால், பயிற்சி மிகவும் தேவைப்படுகிறவன்தான் முதலில் நின்றுபோவான். படகு போகாத நாளே வகுப்பு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நடைமுறையில் இருக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முழுநேரப் பயிற்சிக்கு ஏற்றது. ஆனால் அந்த இரண்டு மாதங்களில் வீட்டில் வருமானம் இருக்காது, பல பையன்கள் கூலி வேலை தேடி வெளியூர் போய்விடுவார்கள். ஆகவே அந்தக் காலத்தில் போக்குவரத்துச் செலவையும் மதிய உணவையும் நீங்கள் ஏற்க முடியுமா என்பதைக் கணக்குப் பார்த்துவிட்டு அழையுங்கள்.

பெண் பிள்ளைகளின் வீட்டுக்கு ஊரில் மதிப்புள்ள ஒரு பெண்மணியுடன் போங்கள். எங்கே வகுப்பு, யார் யார் இருப்பார்கள், எத்தனை மணிக்கு வீடு திரும்புவாள் என்ற மூன்றையும் தாயிடம் நேரில் சொல்லுங்கள். சொன்ன நேரத்தைப் பத்து நிமிடம்கூட மீறாதீர்கள். ஒருமுறை பேருந்து தாமதமானதால் இரண்டு பிள்ளைகளை நாங்கள் இழந்தோம். தவறு பேருந்தின் மீது என்றாலும், முன்கூட்டியே ஒரு அழைப்புச் செய்யாதது எங்கள் பொறுப்பின்மைதான்.

தேர்வுக்கு மதிப்பெண்ணையோ ஆங்கிலத்தையோ அளவுகோலாக வைக்க வேண்டாம். மூன்று நாள் தொடர்ந்து சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிறார்களா, தாங்கள் பார்த்ததை வரிசை மாறாமல் சொல்கிறார்களா என்று பாருங்கள். இந்தத் தொழிலில் கடைசிவரை உதவும் குணங்கள் அவை இரண்டும்தான். பதினெட்டு வயது நிறையாதவர்கள் கற்றுக்கொள்ளலாம். இரவு வேலைக்கும் கடல் வேலைக்கும் அவர்களை அனுப்பக் கூடாது.

இரண்டாம் படி: கண்ணுக்கு முன் காது

பயிற்சியை ஒலியில் தொடங்குங்கள். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. கம்பியுள்ள சட்டை மைக் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்துவிடும் என்பதால் ஆளுக்கொன்று வாங்கித் தர முடியும். தவிர, நம் பகுதியில் படம் எடுக்கப் பலர் இருக்கிறார்கள், ஒலியைச் சரியாகப் பிடிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. வெளியூர்ப் படக்குழு வரும்போது உள்ளூரில் முதலில் தேடுவது அப்படிப்பட்ட ஆளைத்தான்.

கரையில் ஒலிக்கு முதல் எதிரி காற்று. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கத்துத் தென்கடல் இரையும், வடகிழக்குக் காற்று வீசும் வாடைக்காலத்தில் வடகடல் இரையும் என்பது இந்தப் பிள்ளைகளுக்குப் பிறந்தது முதல் தெரியும். அந்த அறிவை இங்கே பயன்படுத்தச் சொல்லுங்கள். பாம்பன் தீவில் இருப்பவர்களுக்குச் சில கிலோமீட்டரில் இரண்டு கரைகளும் கிடைக்கின்றன. கச்சான் காலத்தில் பேட்டியை வடகரையிலும் வாடையில் தென்கரையிலும் பதிவு செய்தால் பாதி இரைச்சல் தானாகக் குறையும். மைக்குக்குப் பஞ்சு உறையோடு, காற்றைத் தடுக்கும் முடியுறையும் போட வேண்டும். பேசுபவரின் முதுகைக் காற்று வரும் திசைக்கு வைத்து, அவருடைய உடம்பையே மறைப்பாக்க வேண்டும். ஒலி அளவு மீட்டரில் சாதாரணப் பேச்சு மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கட்டும். சிரித்தாலும் சத்தமாகக் கூப்பிட்டாலும் பூஜ்ஜியத்தைத் தொடக் கூடாது. பதிவு விகிதத்தை 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். படத்துடன் சேர்க்கும்போது அதுவே வழக்கம்.

முதல் மாதம் முழுவதும் காதில் இயர்போன் இல்லாமல் யாரும் பதிவுப் பொத்தானை அழுத்தக் கூடாது என்பது எங்கள் விதி. கடல்பாசி எடுக்கப் போகும் தாயின் மகள் ஒருத்தி, கடலிலிருந்து ஏறி வந்த அம்மாவிடம் மைக்கை மாட்டிவிட்டுக் கேள்விகளை எழுதிய தாளைத் தேடிக்கொண்டிருந்தாள். அதற்குள் அம்மா, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றியிருந்த துணியை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினார். நனைந்த துணி தோலைவிட்டு உரியும் அந்தச் சிறு ஓசையும் இடையிடையே அவர் மூச்சை இழுத்துவிடுவதும் இயர்போனில் தெளிவாகக் கேட்டன. பிள்ளை தாளைத் தேடுவதை நிறுத்திவிட்டு அப்படியே நின்றாள். கடைசியில் அந்த நாற்பது விநாடிகளைத்தான் அவள் தன் முதல் மாதிரிப் பதிவாக வைத்துக்கொண்டாள். பிறகு அதைக் கேட்ட ஒருவர் அவளை இரண்டு நாள் ஒலிப்பதிவு உதவிக்குக் கூப்பிட்டார்.

பாம்பனில் 90.4 பண்பலையில் ஒலிபரப்பாகும் 'கடல் ஓசை' மீனவ மக்களுக்கான சமுதாய வானொலி. வானிலை, கடல் பாதுகாப்பு, மீனவர் வாழ்க்கை பற்றி நம் பேச்சுத் தமிழிலேயே அதில் நிகழ்ச்சிகள் வருகின்றன. பிள்ளைகளை அதைத் தவறாமல் கேட்கச் செய்து, ஐந்து நிமிட நிகழ்ச்சி எப்படிக் கட்டப்படுகிறது என்று தாளில் பிரித்து எழுத வையுங்கள்.

மூன்றாம் படி: கேமரா

முதல் மூன்று மாதங்களுக்குக் கைபேசியும் ஒரு முக்காலியும் போதும். மூன்று விஷயங்களை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மற்றவை வேலை செய்யச் செய்ய வந்துவிடும்.

நம் கரையில் வெள்ளை மணலும் மின்னும் நீரும் பின்னால் இருக்கும்போது, கேமராவின் தானியங்கி ஒளி அளவு அந்த வெளிச்சத்தையே கணக்கில் எடுத்துக்கொண்டு முகத்தை இருட்டாக்கிவிடும். வெயிலில் உழைக்கும் நம் மக்களின் கரிய முகங்கள் எத்தனையோ படங்களில் வெறும் நிழலாகத் தெரிவதற்குக் காரணம் எடுத்தவரின் கவனமின்மைதான். முகத்தின் மீது விரலை வைத்து ஒளி அளவைப் பூட்டுங்கள். வானம் வெளுத்தாலும் பரவாயில்லை. பேசுபவரை வெயிலில் நிறுத்தாமல் படகு நிழலில் அமர்த்தி, எதிர்ப்பக்கத்தில் வெள்ளைத் துணியையோ தெர்மாகோல் அட்டையையோ பிடித்தால் கண்களில் ஒளி வரும். தன் அம்மாவின் முகத்தை அழகாகப் படமெடுக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு வேறு யாருடைய முகமும் கடினமாக இருக்காது என்று மனமார நம்புகிறேன்.

அடுத்தது மின்விளக்கு. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுவதால், கல்யாண மண்டபத்திலும் மீன் ஏலக்கூடத்திலும் விநாடிக்கு 25 பிரேம், ஷட்டர் வேகம் 1/50 விநாடி என்று வைத்தால் பெரும்பாலான விளக்குகளில் படம் துடிக்காது. கைபேசியில் இந்த அளவுகளைக் கையால் மாற்றும் செயலியைப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, உப்பு. கடற்கரையில் ஒரு மணி நேரம் நின்றாலே கருவியின் மீது உப்புப் படலம் ஏறிவிடுகிறது. வீடு திரும்பியதும் முதலில் ஊதுபந்தால் மணலை அகற்ற வேண்டும், பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியாலும் அடுத்து உலர்ந்த துணியாலும் துடைக்க வேண்டும். மணல் ஒட்டியிருக்கும்போது துடைத்தால் லென்ஸ் கீறிவிடும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு அதற்குள் கருவிகளை வையுங்கள். வேலை முடிந்த இரவில் எவ்வளவு அசதியாக இருந்தாலும் இதைச் செய்த பிறகே சாப்பாடு என்று பழக்குங்கள்.

நான்காம் படி: தொகுப்பும் சேமிப்பும்

தொகுப்புக்கு டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பு போதுமானது, ஆனால் 16 ஜி.பி. நினைவகம் இல்லாத கணினியில் அது திணறும். பழைய கணினி என்றால் ஷாட்கட், கேடென்லைவ் போன்ற இலவச மென்பொருள்களில் தொடங்குங்கள். ஒலிக்கு ஒடாசிட்டி போதும். திருட்டு மென்பொருளை ஒருநாளும் நுழைய விடாதீர்கள். பின்னர் வேலைக்குப் போகும் இடத்தில் அதே பழக்கம் பிள்ளையின் பெயரைக் கெடுக்கும்.

எடுத்த பதிவை மூன்று பிரதிகளாக இரண்டு வெவ்வேறு சாதனங்களில் வைத்து, அதில் ஒன்றை வேறு வீட்டில் வைக்க வேண்டும். கல்யாணத்தைத் திரும்ப நடத்தச் சொல்ல முடியாது. பணம் தந்தவர் பிரதியைப் பெற்றுக்கொண்டதாக எழுத்தில் தரும் வரை மெமரி கார்டை அழிக்கக் கூடாது.

தமிழ்த் தட்டச்சையும் இதே காலத்தில் கற்றுக்கொடுங்கள். தமிழ்99 விசைப்பலகையில் பிழையின்றி வேகமாக அடிக்கத் தெரிந்தவருக்கு வசன வரிகள் போடும் வேலையும் பேட்டிகளை எழுத்தாக்கும் வேலையும் வீட்டிலிருந்தே கிடைக்கின்றன. வெளியே அனுப்பத் தயங்கும் குடும்பத்துப் பெண்களுக்கு இது நல்ல முதல் வாசல்.

ஐந்தாம் படி: முதல் கூலி

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். பயிற்சி தொடங்கிய நான்காவது மாதத்துக்குள் ஒவ்வொருவர் கையிலும் உழைத்துப் பெற்ற பணம், சிறிதளவேனும், இருக்க வேண்டும். அது வராவிட்டால் வீட்டில் பொறுமை தீர்ந்துவிடும், அதில் நியாயமும் இருக்கிறது.

நம் கரையில் வேலை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முதலாவது கல்யாண வீடு. ஆடி, மார்கழியில் இந்துக் கல்யாணங்கள் குறையும், தவக்காலத்தில் கிறிஸ்தவக் கல்யாணங்கள் நடப்பது அரிது, ரமலானில் நிக்காஹ் அரிது. மூன்று நாட்காட்டிகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், மூன்று சமூகத்தாரும் சேர்ந்து வாழும் இந்தக் கரையில் ஆண்டு முழுவதும் ஏதாவது வேலை இருக்கிறது என்பது தெரியும். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி போன்ற ஊர்களில் பெண்கள் பகுதிக்குள் ஆண் படப்பிடிப்பாளரை அனுமதிக்காத வீடுகள் பல. இரண்டு பெண்கள் கொண்ட குழு ஒன்றை நீங்கள் தயார் செய்தால், போட்டியே இல்லாத வேலை அவர்களைத் தேடி வரும். படங்கள் யார் கண்ணிலும் படாமல் தொகுப்பும் பெண்களாலேயே செய்யப்படும், மாதிரிக்காகக்கூட எங்கும் வெளியிடப்படாது என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். அந்த உறுதியை மீறாமல் காப்பதில்தான் அவர்களின் எதிர்காலம் இருக்கிறது.

இரண்டாவது நேரலை. வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உறவினர் இல்லாத வீடு இங்கே குறைவு என்பதால், நிக்காஹ், திருமணம், புதுமனை புகுவிழா, துக்க வீடு என எல்லாவற்றுக்கும் நேரலை கேட்கிறார்கள். 720 அளவுப் படத்துக்கு விநாடிக்கு 3 மெகாபிட் அளவில் பதிவேற்ற வேகம் தடையின்றி வேண்டும், 1080 அளவுக்கு 5 அல்லது 6 வேண்டும். முந்தின நாளே அதே இடத்தில், அதே நேரத்தில் வேகத்தைச் சோதியுங்கள். கூட்டம் கூடியதும் அலைவரிசை நெரியும் என்பதால், இரண்டு வேறு நிறுவனங்களின் சிம் கார்டுகள் கையில் இருக்கட்டும். துக்க வீட்டில் கேமராவை ஓரிடத்தில் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

பணம் பேசுவதைப் பிள்ளைகளின் தலையில் போடாமல் முதல் ஓராண்டு நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். வெளியூர்ப் படக்குழு ஒன்று தனுஷ்கோடியில் எங்கள் பையன்கள் மூவரை நான்கு நாட்கள் வேலை வாங்கியது. 'பெயர் போடுவோம்' என்று சொன்னார்கள். கிடைத்தது சாப்பாடு மட்டுமே, பெயரும் வரவில்லை. அவர்களில் ஒருவன் அதோடு கேமராவைத் தொடவே மறுத்துவிட்டான். நான் அன்று ஒரு தாளில் எழுதி வாங்கியிருந்தால் அவனை இழந்திருக்க மாட்டோம். ஆகவே ஒரு பக்கத் தமிழ் ஒப்பந்தம் இல்லாமல் யாரையும் அனுப்பாதீர்கள். அதில் எத்தனை நாள், நாளுக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், பேட்டா, போக்குவரத்து, முன்பணம், மீதிப் பணம் வரும் தேதி, பதிவு யாருக்குச் சொந்தம், யார் பெயர் எப்படி வரும் என்பவை இருக்க வேண்டும். வேலை தொடங்குமுன் பாதிப் பணம் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கும் பான் அட்டையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். நிறுவனங்கள் வரி பிடித்தம் செய்து தரும்போது பான் இல்லாவிட்டால் 20 விழுக்காடு வரை பிடித்துவிடுவார்கள். பான் இருந்தால் பிடித்ததை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்பப் பெற வழி உண்டு.

இரண்டு மூன்று பேர் சேர்ந்து சிறு நிறுவனம் தொடங்க விரும்பினால் சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவை இணையத்தில் இலவசமாகச் செய்யலாம், அதற்குத் தரகர் தேவையில்லை. மானியத்துடன் கூடிய கடனுக்கு மாவட்டத் தொழில் மையத்தையும், ஆதிதிராவிட, பழங்குடியின இளைஞர்கள் அவர்களுக்கான அரசு மேம்பாட்டுக் கழகமான தாட்கோவின் அலுவலகத்தையும் அணுகலாம். ஆனால் ஆறு மாதமாவது வாடகைக் கருவியில் வேலை செய்து, மாத வரவு தெரிந்த பிறகே கடன் வாங்க வேண்டும் என்பது என் கண்டிப்பான கருத்து.

ஆறாம் படி: அனுமதியும் பாதுகாப்பும்

உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானதளம் இருக்கிறது. அதனால் கல்யாண வீட்டுக்காரர் எவ்வளவு கேட்டாலும், டிரோன்களுக்கான அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் அந்த இடம் எந்த நிற மண்டலத்தில் வருகிறது என்று பார்க்காமலும், தேவையான அனுமதி பெறாமலும் டிரோனை மேலே அனுப்பக் கூடாது. 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோனைக் கூலி வேலைக்கு இயக்குபவருக்குச் சான்றிதழ் வேண்டும். அந்தப் பயிற்சிக்கு 18 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் தேவை. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் வனத்துறை அனுமதியின்றி இறங்கிப் படமெடுப்பது குற்றம். பாம்பன் ரயில் பாலத்தின் மீது எடுக்க ரயில்வே அனுமதி வேண்டும். இராமேஸ்வரம் கோயிலுக்குள் கைபேசிக்கும் கேமராவுக்கும் இடமில்லை. படகில் ஏறும்போது மிதவைச் சட்டை கட்டாயம், நீச்சல் எவ்வளவு தெரிந்தாலும்.

இந்தக் கரைக்கே உரிய இன்னொன்று உண்டு. எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை நம் படகுகளைப் பிடிக்கும் நாட்களில், செய்தி நிறுவனங்கள் உள்ளூர்ப் பிள்ளைகளிடம் உடனே படம் கேட்கும். பணமும் வரும். அழுகிற பெண் படமெடுக்கும் பிள்ளையின் சொந்த அத்தையாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருப்பார். 'எடுக்கட்டுமா' என்று கேட்டு, அவர் தலையசைத்த பிறகே எடுக்கவும், வேண்டாம் என்றால் கேமராவைத் தரையை நோக்கித் தாழ்த்தவும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிப் பழக்குங்கள். குற்றத்துக்கு ஆளான குழந்தைகளின் முகம், பெயர், வீடு, பள்ளி ஆகிய எதையும் காட்டுவதைச் சட்டமே தடுக்கிறது.

ஏழாம் படி: படிப்பும் சென்னையும்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்குச் சென்னை தரமணியில் உள்ள தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் நல்ல வாய்ப்பு. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் உள்ளிட்ட பிரிவுகளில் நான்காண்டுப் பட்டப் படிப்புகள் அங்கே நடக்கின்றன. பிரிவுக்குப் பிரிவு கேட்கப்படும் பள்ளிப் பாடங்கள் மாறும் என்பதால், பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் பாடம் எடுக்கும்போதே விதிகளைப் பார்த்து வைப்பது நல்லது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவருக்கு 2024இல் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. மீனவர் நல வாரியத்தில் உறுப்பினராக உள்ள பெற்றோரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் உண்டு. உறுப்பினர் அட்டை புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

படிக்காமல் நேரடியாக உதவியாளராகச் சேரப் போகிறவர்களை வெறும் நம்பிக்கையோடு சேது விரைவு ரயிலில் ஏற்றிவிடாதீர்கள். மூன்று மாதம் தங்கிச் சாப்பிடப் போதிய பணம், நம் ஊர்க்காரர் ஒருவரின் அறையில் இடம், மூன்று நிமிடத்துக்கு மிகாத மாதிரித் தொகுப்பு, செய்த வேலைகளின் பட்டியல், உங்கள் கையெழுத்திட்ட பரிந்துரைக் கடிதம் ஆகியவை கையில் இருக்கட்டும். மாதிரித் தொகுப்பில் அரிச்சல்முனைச் சூரிய உதயத்தைச் சேர்க்க வேண்டாம், அதை எல்லாரும் எடுத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு மட்டுமே நெருங்க முடிந்த ஓரிடத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: வலை பின்னும் தாத்தாவின் கை, விடியற்காலை ஏலத்தில் விலை கூறும் குரல், கருவாடு காயவைக்கும் முற்றம். வாரம் ஒருமுறை நீங்களே அழைத்துப் பேசுங்கள். சம்பளம் வந்ததா என்பதை முதலில் கேளுங்கள்.

அப்படிப் போனவர்களில் சிலர் ஆறு மாதத்தில் திரும்பி வருவார்கள். அவர்கள் ஊருக்கு வந்த அந்த வாரத்திலேயே நடக்கும் கல்யாண வேலையில் நாள் கூலிக்கு அவர்களைச் சேர்த்துக்கொண்டு, அடுத்த தடைக்காலப் பயிற்சியில் ஒலி வகுப்பைச் சம்பளத்துடன் அவர்களிடமே ஒப்படையுங்கள்.